ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரிஷ் காலாட்படை சென்னையில் தோன்றியது என்கிறார்களே, உண்மையா?

பெருமளவு உண்மை; ஆனால் பிறந்த ஊர் என்று பார்த்தால் சென்னையை விடக் கடலூருக்கே உரிமை அதிகம். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசம் போய்விட்டதால், கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) சிதறிக் கிடந்த ஐரோப்பியச் சிப்பாய்களை 1748இல் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ் ஒழுங்குபடுத்தி ஒரே படையாக்கியது கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில்தான். மதராஸ் ஐரோப்பியப் படை எனப் பெயர் பெற்ற அது 1751இல் ஆற்காட்டிலும், 1757இல் பிளாசியிலும், 1760இல் வந்தவாசியிலும் போரிட்டது. வந்தவாசிப் போரில் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது ஒன்று உண்டு: ஆங்கிலேயரை நடத்திய அயர் கூட் அயர்லாந்தில் பிறந்தவர், எதிரே நின்ற பிரெஞ்சுத் தளபதி லாலியோ, அயர்லாந்திலிருந்து பிரான்சுக்குக் குடிபெயர்ந்தவரின் மகன்.

1857 கிளர்ச்சியின்போது இப்படை மதராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற பெயரில் கர்னல் நீலின் தலைமையில் வடக்கே சென்றது. தொப்பிக்கு அணிந்த நீல உறையால் 'நீலத் தொப்பிகள்' என்ற பட்டப்பெயர் அதற்கு வாய்த்தது. காசியிலும் அலகாபாத்திலும் நீல் நடத்திய கொடூரமான தண்டனைகளை நினைத்துத்தான், மவுண்ட் ரோட்டில் நின்ற அவருடைய சிலையை அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. ராஜாஜி அமைச்சரவை 1937இல் அச்சிலையை அருங்காட்சியகத்துக்கு மாற்றியது.

கும்பினி ஆட்சி முடிந்ததும் இப்படை பிரிட்டிஷ் அரசின் 102ஆம் காலாட்படையானது. 1881இல் படைப்பிரிவுகளை வட்டாரங்களோடு பிணைத்தபோது, பம்பாயில் தோன்றிய 103ஆம் படையோடு இதை இணைத்து, அயர்லாந்தின் நேஸ் நகரில் தலைமையகம் அமைத்து, டப்ளின் பெயரைச் சூட்டினார்கள். கும்பினிக் காலத்திலேயே ஐரிஷ் ஏழை இளைஞர்கள் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள் என்பதால், இதை வெறும் காகித மாற்றம் என்று தள்ளிவிட முடியாது.

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியிலுள்ள கலிப்போலியின் வி கடற்கரையில், இழுவைப் படகுகளில் கரையை நெருங்கிய முதல் பட்டாலியனைத் துருக்கியரின் துப்பாக்கிகள் வீழ்த்தின. எஞ்சியோர் மிகக் குறைவாக இருந்ததால், அதேபோலச் சிதைந்துபோன இன்னொரு ஐரிஷ் படையான மன்ஸ்டர் ஃபியூசிலியர்களோடு அவர்களைச் சில வாரங்கள் ஒரே அணியாக்கி, 'டப்ஸ்டர்ஸ்' என்று அழைத்தார்கள். மன்ஸ்டர்களும் கும்பினியின் வங்காளப் படை வழி வந்தவர்களே. மறு ஆண்டு பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் வெடித்த ஈஸ்டர் எழுச்சியில், இதே படைப்பிரிவின் வீரர்கள் டப்ளின் தெருக்களில் தம் நாட்டவரையே எதிர்த்து நிற்க நேர்ந்தது.

டப்ளின் சென்றிருந்தபோது, செயின்ட் ஸ்டீவன்ஸ் கிரீன் பூங்காவின் நுழைவில் தென்னாப்பிரிக்காவின் போயர் போரில் இறந்த ஃபியூசிலியர்களுக்காக 1907இல் எழுப்பிய வளைவைப் பார்த்தேன். தேசியவாதிகள் அதைத் 'துரோகிகளின் வாயில்' என்றார்கள். 1916இன் தோட்டாத் தழும்புகள் அதில் இன்னும் தெரிகின்றன.

அயர்லாந்து சுதந்திர நாடானபோது தென் அயர்லாந்தின் காலாட்படைப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. 1922 ஜூன் 12 அன்று வின்ட்சர் கோட்டையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரிடம் அவற்றின் கொடிகள் ஒப்படைக்கப்பட்டன. டப்ளின் ஃபியூசிலியர்களின் போர்ச் சிறப்புகளில் (பங்கேற்ற போர்களுக்காகப் படைக்கு வழங்கப்படும் கௌரவப் பெயர்களில்) ஆற்காடு, வந்தவாசி, சோளிங்கர் என்ற பெயர்கள் அப்போதும் இருந்தன.