ஏசி அறையில் ஏன் தலை கனக்கிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் கண்ணாடி ஜன்னல்களைத் திறக்க முடியாது. ஸ்பிளிட் ஏசி நாள் முழுதும் ஓடுகிறது. அறை நன்றாகக் குளிர்ந்திருந்தும் பிற்பகலில் பலருக்குத் தலை கனத்துத் தூக்கம் வருகிறது. ஏன்?

பதில்: உங்கள் அறையில் குளிர்ச்சி இருக்கிறது, காற்றோட்டம் இல்லை. சுவரில் மாட்டிய ஏசி, அறைக் காற்றையே இழுத்துக் குளிரவைத்து அறைக்கே திருப்பி விடுகிறது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் அதற்கும் இடையே செல்லும் குழாய்களில் ஓடுவது குளிர்பொருளே தவிரக் காற்று அன்று.

நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. வெளிக்காற்றிலோ அது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு அளவில்தான், அதாவது மூச்சில் உள்ளதில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே அடைத்த அறையில் அது விரைவாக ஏறும். நல்ல அறையில் அது 1000 பங்கைத் தாண்டக் கூடாது என்று ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே கூறினார். அந்த அளவில் அந்த வாயுவே நஞ்சு என்பது இதன் பொருள் அன்று. அது ஏறியிருந்தால், மூச்சில் வரும் கிருமிகளும் உடல் வாடையும், ஒட்டுப்பலகை மேசைகளிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடும் கூடவே தேங்கியிருக்கும் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

இந்தத் தொல்லைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துவதற்காகக் கட்டடங்களை இறுக மூடினார்கள். அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் 1981-ஆம் ஆண்டுத் தரநிலை, புகைபிடிக்காத அலுவலகங்களில் ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்றது. தலைவலி, கண் எரிச்சல் பற்றிய புகார்கள் பெருகின. 1989-இல் குறைந்தபட்ச அளவு 15 கன அடியாக உயர்ந்தது. உங்கள் கட்டட நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: ஆளுக்கு எவ்வளவு வெளிக்காற்று உள்ளே வருகிறது? (மதிய உணவுக்குப் பின் வரும் தூக்கத்துக்கு ஏசியை மட்டும் குறை சொல்ல முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கேள்வி: எங்கள் வீடு பெருஞ்சாலையோரம் உள்ளது. ஜன்னலைத் திறப்பது நல்லதா, இயந்திரக் காற்றோட்டம் நல்லதா?

பதில்: ஜன்னல் வழியே காற்றை நகர்த்துவன இரண்டு: வெளியே வீசும் காற்றின் அழுத்தம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால் காற்று ஊடுருவிச் செல்லும். ஒரே பக்கம் திறந்தால் அறையின் மூலை வரை அது எட்டாது. காற்று அசையாமல், வெப்பமும் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும் நேரத்தில், அகலத் திறந்த ஜன்னலாலும் பெரிய பயனில்லை. தவிர, அது வடிகட்டாது. நுண்துகளுக்கு (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும்) உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி, கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். சாலையோரத்தில் இதைக் கடப்பது எளிது.

வெளிக்காற்றை விசிறியால் வடிகட்டி வழியே உள்ளே தள்ளும் இயந்திரம் இரண்டு குறைகளையும் தீர்க்கும், பராமரித்தால் மட்டும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் காற்றின் அளவு சத்தமில்லாமல் குறைந்துவிடும். உள்ளிழுக்கும் துளை வாகன நிறுத்தத்துக்கு அருகில் இருந்தால், புகையை நாமே காசு கொடுத்து உள்ளே அழைக்கிறோம். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைத்தால், வெளியே போன காற்றுக்கு ஈடானது கதவிடுக்கு, கழிவறை என எங்கிருந்தும் வடிகட்டப்படாமல் நுழையும். உங்கள் இடத்தில் வடிகட்டியுடன் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் அமைப்பையே நான் விரும்புவேன். அது இயலாதெனில், போக்குவரத்து குறைந்த நேரத்தில் சாலைக்கு எதிர்ப்புற ஜன்னல்களையும் சேர்த்துத் திறங்கள். சற்று நேரம் போதும் என்று எண்ணிவிட வேண்டாம்: மணிக்கு ஒருமுறை காற்று மாறும் அறையில், புதியதும் பழையதும் கலந்தே வெளியேறுவதால், ஒரு மணி நேரம் கழித்தும் சுமார் 37 சதவீதம் பழைய காற்றே இருக்கும்.

கேள்வி: காற்றுத் தூய்மையாக்கி வாங்கியிருக்கிறோம். இனி ஜன்னலைத் திறக்க வேண்டுமா?

பதில்: வேண்டும். அதிலுள்ள ஹெப்பா வடிகட்டி துகள்களைப் பிடிக்கும். கார்பன் டை ஆக்சைடு அதன் வழியே அப்படியே கடந்து போகும்.