கொட்டை எத்தனையாவது இடத்தில்?

கேள்வி: பிள்ளைகள் ரொட்டியில் நியூட்டெல்லா தடவினால்தான் சாப்பிடுகிறார்கள். கொட்டை, பால், கோகோ எல்லாம் இருக்கிறதே, சத்துதானே என்று விட்டுவிட்டேன். இப்போது தேன் சேர்த்த 'ஆர்கானிக்' வகைக்கு மாறலாமா? கலோரி குறைவாக வேறு ஏதாவது உண்டா?
– ஒரு வாசகி

பதில்: தாராளமாக மாறலாம். டப்பா மாறும், சர்க்கரை அப்படியேதான் இருக்கும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். முதலில் சர்க்கரை, அடுத்து பாமாயில், அதற்கப்புறம்தான் ஹேசல்நட் என்ற கொட்டை. ஐரோப்பாவில் விற்கும் நியூட்டெல்லாவில் கொட்டை 13 சதவீதம் என்று அவர்களே அச்சிட்டிருக்கிறார்கள். 100 கிராமில் சர்க்கரை மட்டும் 56 கிராமுக்கு மேல். 15 கிராம் தடவினாலே இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. 15 கிராமோடு எந்தப் பிள்ளை நிறுத்துகிறது? காலை உணவுக்கு நல்லது என்கிற தோரணையில் விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் வழக்கு போட்டார்கள். 2012-ல் அதைத் தயாரிக்கும் ஃபெரேரோ நிறுவனம் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. நம்பியது நீங்கள் மட்டுமல்ல, அதனால் ரொம்பவும் நொந்துகொள்ளாதீர்கள்.

தேனுக்கு வருவோம். குறைக்க வேண்டிய சர்க்கரை எது என்று சொல்லும்போது உலக சுகாதார நிறுவனம் தேனையும் அதில்தான் சேர்க்கிறது. 'சர்க்கரை இல்லாதது' என்று விற்பதில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும்; அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும்.

கலோரி ஆசையையும் விட்டுவிடுங்கள். வெறும் கொட்டையை அரைத்த விழுதில் 100 கிராமுக்கு 600 கலோரிக்கு மேல் இருக்கும், நியூட்டெல்லாவில் 539. ஆனால் சர்க்கரை வெகுவாகக் குறைகிறது, நிறைவுற்ற கொழுப்பு (saturated fat) பாதிக்கும் கீழே போகிறது, நார்ச்சத்தும் புரதமும் கூடுகின்றன. மாற்றுவது அதற்காகத்தான்.

வீட்டிலேயே செய்யலாம். 200 கிராம் ஹேசல்நட்டை வாசனை வரும்வரை வறுத்து, சூட்டோடு துணியில் போட்டுத் தேயுங்கள், தோல் உரிந்துவிடும். அப்படியே மிக்ஸியில் அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு கட்டிதட்டிப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமையிழந்து தண்ணீர் விடுகிறார்கள். விடாதீர்கள், ஒரு சொட்டு விட்டாலும் இறுகிப் போகும், சீக்கிரம் கெட்டும் போகும். நிறுத்தி நிறுத்தி, வழித்து விட்டு அரைத்தால் கொட்டையே எண்ணெய் விட்டு இளகும். பிறகு இரண்டு மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோ பவுடர், 40 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. தேன் ஊற்றினாலும் விழுது இறுகும், அதனால் இங்கே சாதாரண சர்க்கரையே மேல். அந்தச் சர்க்கரை மொத்த எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான்.

அவ்வளவு நேரம் இல்லையென்றால் வேர்க்கடலை மட்டுமே சேர்ந்த பீநட் பட்டர் வாங்கிக் கோகோ கலந்துகொள்ளுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் பயப்பட வேண்டாம். பிரியாமலிருக்க வேறெதையும் சேர்க்கவில்லை என்றுதான் அர்த்தம். கொட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளையாக இருந்தால் சூரியகாந்தி விதையில் இதையே செய்யலாம். சின்னக் குழந்தைகளுக்குக் கெட்டியாகக் கரண்டியில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்; மெல்லியதாகத் தடவுங்கள்.

பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்பது நிச்சயம். எனவே ஒரேயடியாக மாற்றாமல், பழைய டப்பாவிலேயே முதலில் கால் பங்கு கலந்து வையுங்கள். அடுத்த வாரம் பாதி, அதற்கடுத்த வாரம் முக்கால்.