மின்சாரக் காரை ஸ்டார்ட் பண்ணும்போது டக் டக் சத்தம்: எங்கே பார்ப்பது?
கிளிநொச்சியில் பழைய நிஸான் லீஃப் வைத்திருக்கும் ஒருவர், பட்டனை அழுத்தினால் டக் டக் என்று சத்தம் வருகிறது, பெரிய பற்றரி போய்விட்டதா என்று கேட்கிறார். அநேகமாக இல்லை.

சத்தம் ஒன்றிரண்டு தரம் கேட்டு, கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரிந்தால் அது பழுதே அல்ல. பெரிய பற்றரியை மோட்டார்ப் பக்கம் இணைக்கும் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) மூடும் சத்தம் அது. ரெடி வராமல் படபடவென்று அடித்தால் முதலில் 12 வோல்ட் சின்னப் பற்றரியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த ரிலேக்களை இழுத்துப் பிடிக்கும் மின்சாரம் அதிலிருந்துதான் வருகிறது. அது சோர்ந்தால், பெரிய பற்றரியில் நிறைய சார்ஜ் இருந்தும் கார் எழும்பாது. வன்னி வெயில் வேறு இந்தப் பற்றரிகளின் ஆயுளைக் குறைத்துவிடும்.

கார் சில மணிநேரம் ஓய்ந்து நின்றபின் சின்னப் பற்றரியில் வோல்ட் மீற்றர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது; 12க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்குங்கள், சில வேளை அதுவே போதும். ரெடி வந்தபின் 13க்கு மேல் ஏற வேண்டும். ஏறாவிட்டால், சின்னப் பற்றரியை சார்ஜ் பண்ணும் கன்வேர்ட்டரைச் சோதிக்க வேண்டும். அதை நீங்கள் தொடாதீர்கள். செம்மஞ்சள் கேபிள்களில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும், உயிர் போய்விடும். மின்சாரக் கார் பழகிய கராஜுக்கே கொண்டுபோங்கள்.

சரி, சத்தம் கார் நகரத் தொடங்கும்போது சக்கரப் பக்கமிருந்து வருகிறதா? அப்படியென்றால் பற்றரியை விட்டுவிட்டு, அக்சில் மூட்டின் றப்பர் உறை கிழிந்து கிரவல் தூசி புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்.