வெளிநாட்டில் ஊழியம் செய்யப் போகும் குடும்பத்தை மதுரையில் இருக்கும் சபை எப்படித் தாங்கலாம்?

"எங்கள் சபைக் குடும்பம் ஒன்று மூன்று மாதத்தில் ஆப்பிரிக்காவுக்கு மிஷனரிகளாகப் போகிறது. ஜெபிப்பதும் பணம் அனுப்புவதும் தவிர என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் இங்கே விட்டுப்போகிறவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அனுப்பும் எதையும்விட அதுதான் அவர்களைத் தாங்கும்.

முதலில், போகிறவர்களின் பெற்றோர். "சபையே பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னால் யாருமே பார்க்க மாட்டார்கள். இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போக வேண்டும். மாத்திரை தீர்ந்ததா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ராத்திரி உடன் தங்க ஆள் வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, காப்பீட்டு அட்டை எங்கே, அவசரத்துக்கு முடிவெடுக்கும் சொந்தக்காரர் யார் என்பதை ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டிவையுங்கள்.

கேட்கத் தயங்கும் ஒரு கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: அப்பாவோ அம்மாவோ இறந்தால் மகன் வரும்வரை காத்திருப்பதா? ஆப்பிரிக்காவின் உட்பகுதியிலிருந்து கிளம்பி, துபாயோ கொழும்போ மாறி, மதுரை வந்து சேர இரண்டு நாளாகலாம். பெற்றோரும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து இதை இப்போதே பேசியிருந்தால், அன்றைக்குத் துக்க வீட்டில் வாக்குவாதம் வராது. குடும்பம் முழுவதும் வந்துபோகும் டிக்கெட் பணத்தைத் தனியாக எடுத்துவைத்து, வேறு எதற்கும் தொடாதீர்கள்.

அடுத்து காகிதங்கள். வீடு, நிலம், வாடகை ஏதாவது இருந்தால் கிளம்பும் முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் பத்திரம் பதிவு செய்யட்டும். வெளிநாட்டிலிருந்து எழுதினால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். பெரும்பாலும் இந்தக் கெடுதான் தவறிப்போகிறது. வேலைக்காகவோ, எப்போது திரும்புவோம் என்று தெரியாமலோ போகிறவர்கள் தங்கள் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்கிறவர்கள் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்காக மாற்ற வேண்டும். அவர்களுடைய இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்வது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். 90 நாள் உபயோகம் இல்லாத எண் துண்டிக்கப்படலாம். எண் போனால் ஓடிபி போகும், பேங்கும் ஆதாரும் கூடவே முடங்கும். ரோமிங் வசதியையும் இங்கிருக்கும்போதே போட்டுவிட வேண்டும். அங்கே குழந்தை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும் என்பதையும் குறித்துக் கொடுங்கள். தள்ளிப்போனால் பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகிவிடும்.

ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வேண்டும். இது மஞ்சள் காமாலை ஊசி அல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதனால் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, வேறு நாட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும் செலவு அதில் அடங்குமா என்று வரிவரியாகப் படியுங்கள்.

இப்போது பணம். தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. இது தனிநபருக்கு மட்டும். டிரஸ்டுக்கோ சங்கத்துக்கோ கிடையாது. டிரஸ்ட் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் வருமான வரி விலக்கும் அடிபடும். ஆகவே காணிக்கைப் பணத்தைச் சபைக் கணக்கிலிருந்து அனுப்பும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். ஒரு மூப்பர் கணக்கில் எல்லாரும் போட்டு அவர் அனுப்புவது இன்னும் தவறு. நாளைக்கு அந்தப் பணத்துக்கு அவர்தான் கணக்கு சொல்ல வேண்டும். தாங்குகிறவர்கள் அவரவர் பணத்தை, பான் எண்ணோடு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப பேங்கில் கொடுக்கும் ஏ2 படிவத்தில் உண்மையான காரணத்தை எழுதி அனுப்பட்டும். ஒவ்வொரு முறையும் இங்குள்ள பேங்க் கட்டணம் பிடிக்கும், நடுவில் இருக்கும் பேங்கும் பிடிக்கும். மாதம் 3,000 ரூபாயாக அனுப்பினால் அதில் பெரும்பங்கு கட்டணத்துக்கே போய்விடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புங்கள்.

பார்சலில் எண்ணெய் ஊறுகாய் வைக்காதீர்கள், கசிந்து எல்லாவற்றையும் கெடுக்கும். இட்லிப்பொடி, பருப்புப்பொடி, கறிவேப்பிலைப்பொடி, பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப் புத்தகம் போதும். அந்த ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்துவிட முடிந்தால் அதுவே நல்லது.

ஜெபக்குறிப்பு விஷயத்தில் மிகக் கவனம் தேவை. மதமாற்றத்துக்குச் சட்டத் தடை உள்ள நாடென்றால் முழுப்பெயர், ஊர், ஞானஸ்நானப் படம் எதுவும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக் கூடாது. அன்போடு ஒருவர் பகிர்வது இரண்டே நாளில் எங்கெங்கோ போய்விடும். அவர்கள் விசா ரத்தாவதுகூடப் பெரிதில்லை. அங்கே புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள்தான் அகப்பட்டுக்கொள்வார்கள். எதைப் பகிரலாம் என்பதை மிஷனரியே முடிவு செய்யட்டும். அவர்களோடு பேசும்போது "எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள்?" என்றே தொடங்காதீர்கள். தூங்கினீர்களா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேளுங்கள்.

விடுமுறையில் வரும்போது ஓய்வு கொடுங்கள். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலிலும் நோயிலும் பலரைப் பறிகொடுத்த பிறகுதான், 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1901-ல் அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளியும் வந்தது. நம்மிடம் வந்தவர்களுக்குத் தேவைப்பட்டது நம்மிடமிருந்து போகிறவர்களுக்கும் தேவை. முதல் இரண்டு வாரம் ஒரு கூட்டமும் வைக்காதீர்கள், சாட்சி சொல்லவும் கூப்பிடாதீர்கள். அவர்கள் வந்து இறங்கும் முன்பே ஒரு வீடு, கேஸ் அடுப்பு, ஒரு ஸ்கூட்டர், பல் மருத்துவரிடம் முன்பதிவு, இவை தயாராக இருக்கட்டும்.