மாணவன் செய்யும் பிழைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: மந்திரவாதிகளின் தலைமைச் சபைக்குத் தெரியாமல் ஒரு முதியவர் மூன்று சிறுவர்களுக்கு மந்திரம் கற்றுக்கொடுப்பதாக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிவருகிறேன். சபை கொடியது, முதியவர் நல்லவர் என்று எழுத எழுதக் கதை தட்டையாகிக்கொண்டே போகிறது. எங்கே தவறுகிறேன்? (வாசகி ஒருவர்)

பதில்: சபையின் கொடுமையைச் சற்று ஒதுக்கிவிட்டு, அந்த மூவரில் ஒருவன் பெரும் தவறு செய்துவிட்டால் அதன் விலையை யார் கொடுப்பார் என்று யோசித்துப் பாருங்கள். சபைக்குள் படிப்பவனுக்குப் பின்னால் ஓர் அமைப்பு நிற்கிறது. வெளியே படிப்பவனுக்கு ஆசிரியரைத் தவிர யாரும் இல்லை. இவ்வகைக் கதைகளின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்சீ வரிசையின் முதல் நாவலில், கூரைமேல் ஏறிய ஆட்டைச் சித்தி ஏதோ சொல்லிக் கீழே இறக்குவதைப் பார்த்த சிறுவன் கெட், மறுநாள் அதே சொற்களை மேய்ச்சலில் கூவிப் பார்க்கிறான். ஆடுகள் எல்லாம் ஓடிவந்து அவனை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. விலக்கும் வழி தெரியாமல் பயந்து ஊருக்குள் ஓடுகிறான், அவையும் கூடவே ஓடிவருகின்றன. வந்து விடுவிப்பவள் அந்தச் சித்திதான். பிறகு ஓகியோன் என்ற மௌனியிடம் சீடனாகச் சேர்கிறான். மழையைத் திருப்பிவிடும் ஆற்றல் இருந்தும் நனைந்தபடியே நடக்கும் மனிதர் அவர். பாடம் எப்போது தொடங்கும் என்று கேட்டவனிடம், தொடங்கிவிட்டது என்கிறார். பொறுமையிழந்த கெட் குருவின் நூலைத் திறந்து, படிக்கக் கூடாததைப் படிக்கிறான். கதவருகே ஒரு நிழல் உருக்கொள்கிறது. ஓகியோன் உள்ளே வந்து அதை விரட்டுகிறார். தண்டிக்கவில்லை, ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போக விரும்பினால் போகலாம் என்கிறார். ஆனால் பள்ளியிலும் கெட் வீம்புக்காக அதே தவறைப் பெரிதாகச் செய்கிறான். அவன் திறந்துவிட்ட பிளவை அடைக்கத் தலைமை மந்திரவாதி நெம்மர்லே தம் உயிரையே கொடுக்கிறார். பள்ளி கெட்டது, ஓகியோனின் மலைவீடு நல்லது என்ற எளிய கணக்கு அங்கே இல்லாததால்தான் அந்தக் கதை இன்றும் நிற்கிறது.

2003இல் வந்த ஐந்தாம் ஹாரி பாட்டர் நாவலிலும் இதைக் காணலாம். மந்திர அமைச்சகம் பள்ளிக்கு அனுப்பிய ஆசிரியை அம்ப்ரிட்ஜ், மந்திரக்கோலை உள்ளே வைக்கச் சொல்லிவிட்டுப் பாடநூலை மட்டும் வாசிக்க வைப்பதால், மாணவர்கள் மறைவான ஓர் அறையில் தாங்களே பயிற்சி செய்கிறார்கள். காட்டிக்கொடுக்கப்பட்டபோது, குழுவுக்குத் தம் பெயர் இருப்பதைப் பற்றிக்கொண்டு, எல்லாம் என் திட்டம் என்று பழியை ஏற்றுப் பள்ளியை விட்டே வெளியேறுகிறார் தலைமையாசிரியர் டம்பிள்டோர். உங்கள் முதியவர் எதை இழக்கத் தயாராக இருக்கிறார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். சபையின் குணம் அதற்கேற்ப அமைந்துவிடும்.

கேள்வி: எர்த்சீயின் ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லையே, அவர்கள் எங்கே கற்றார்கள்? (மற்றொரு வாசகர்)

பதில்: கிராமத்துச் சூனியக்காரிகளிடம், ஒருத்தியிடமிருந்து ஒருத்தியாக. முதல் நாவலில் அது இழிவாகவே பேசப்படுகிறது. லெ குவினே பின்னர் அதைத் திருத்திக்கொண்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 2001இல் வெளியான கதைத் தொகுப்பில், மந்திரம் அறிந்தவர்களைப் போர்த்தலைவர்கள் வேட்டையாடிய காலத்தில் பெண்களும் ஆண்களும் சேர்ந்து ஒளிந்து தொடங்கியதே ரோக் பள்ளி என்றும், பெண்கள் பிற்காலத்தில்தான் விலக்கப்பட்டார்கள் என்றும் எழுதினார். அதற்கு முன்பே, 1990இல் வந்த நாவலில், சாகும் தறுவாயில் இருக்கும் ஓகியோன், தீயில் கருகிப் பிழைத்த ஒரு சிறுமியைக் குறித்து, அவளுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடு, ஆனால் ரோக்குக்கு அனுப்பாதே என்று அவளை வளர்க்கும் டெனாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.