கணினி கேள்வி – பதில்: நாஸ் எனும் வலையமைப்புச் சேமிப்புக் கருவியில் இடம் போதாதபோது

கேள்வி: திருமணப் புகைப்படங்களும் காணொளிகளும் எடுத்துத் தருவது என் தொழில். நான்கு வன்தட்டுகள் பொருத்தக்கூடிய சினாலஜி நாஸ் கருவியில், 4 டெராபைட் வன்தட்டுகள் இரண்டை எஸ்.எச்.ஆர். முறையில் (ஒரு வன்தட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி சேமிக்கும் சினாலஜியின் முறை) வைத்திருக்கிறேன். மூன்றரை டெராபைட் அளவுக்குத்தான் இடம் காட்டுகிறது. அதுவும் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. 8 டெராபைட் வன்தட்டுகள் இரண்டு வாங்கியிருக்கிறேன். பழையவற்றைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டுவதா, காலி இடங்களில் மாட்டுவதா? இருக்கும் படங்கள் அழிந்துவிடுமோ என்றும் அச்சமாக இருக்கிறது.
– புகைப்படக் கலைஞர் ஒருவர், ஈரோடு

பதில்: முதலில் அந்த மூன்றரை டெராபைட் கணக்கைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வன்தட்டு தயாரிப்பவர்கள் ஒரு டெராபைட்டை ஓர் இலட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார்கள்; உங்கள் கருவியோ 1,024இன் மடங்குகளில் எண்ணுகிறது. அந்தக் கணக்கில் 4 டெராபைட் என்பது சுமார் 3.64 ஆகிவிடும். கருவி தன் இயங்குதளத்துக்கென எடுத்துக்கொள்ளும் பகுதியையும் கழித்தால் நீங்கள் காணும் எண் வந்துவிடும். வன்தட்டில் குறை ஏதும் இல்லை.

பழைய இரண்டையும் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டினால் உங்களுக்குக் கிடைப்பது 8 டெராபைட் மட்டுமே. ஒன்றை மாற்றியதும் இடம் கூடாது; இரண்டாவதையும் மாற்றி, தரவு முழுவதும் மறுபடி எழுதப்பட்ட பிறகுதான் கூடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஸ்.எச்.ஆர். முறையில் புதிதாகச் சேர்க்கும் வன்தட்டு, ஏற்கெனவே உள்ளவற்றில் மிகப் பெரியதற்குச் சமமாகவோ அதைவிடப் பெரியதாகவோ இருக்க வேண்டும். அல்லது உள்ளவற்றில் ஏதேனும் ஒன்றின் அளவே இருக்க வேண்டும். இரண்டு 8 டெராபைட் வன்தட்டுகள் மட்டும் இருக்கும் தொகுப்பில், கழற்றி வைத்த 4 டெராபைட் வன்தட்டைப் பின்னர் சேர்க்க முயன்றால் கருவி ஏற்றுக்கொள்ளாது. எந்த வரிசையில் மாட்டுகிறோம் என்பது அவ்வளவு முக்கியம்.

காலி இடங்களில் இரண்டையும் மாட்டினால் மொத்தம் 24 டெராபைட். அதில் மிகப் பெரிய வன்தட்டின் அளவான 8 டெராபைட் பாதுகாப்புக்குப் போக, 16 டெராபைட் உங்கள் பயன்பாட்டுக்குக் கிடைக்கும். எஸ்.எச்.ஆர். ஒருவகை ரெய்டு, அதாவது பல வன்தட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் முறை. இதே நான்கையும் வழக்கமான ரெய்டு 5 முறையில் வைத்திருந்தால், ஒவ்வொன்றும் மிகச் சிறியதன் அளவுக்கே கணக்கில் கொள்ளப்பட்டு 12 டெராபைட்தான் கிடைத்திருக்கும்.

ஆனாலும் இரண்டையும் இப்போதே உள்ளே மாட்ட வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. உங்கள் கேள்வியில் காப்புப் பிரதியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். ஒரு வன்தட்டு பழுதானாலும் வேலை தடைபடாமல் இருக்க ரெய்டு உதவும். தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்துவிட்டாலோ, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) புகுந்துவிட்டாலோ, கருவியே திருட்டுப் போனாலோ, இடி மின்னலில் கருகினாலோ ரெய்டினால் ஒரு பயனும் இல்லை. பிறர் வாழ்வில் ஒரே ஒருமுறை நடந்த நிகழ்வின் பதிவுகள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை மீண்டும் எடுக்க முடியாது. ஆகவே ஒரு 8 டெராபைட் வன்தட்டை யூ.எஸ்.பி. உறையில் போட்டு வெளியில் இணையுங்கள். ஹைப்பர் பேக்கப் செயலியைக் கொண்டு இப்போதுள்ள தரவு முழுவதையும் அதில் பிரதி எடுங்கள். பிரதி முடிந்துவிட்டது என்ற அறிவிப்போடு நின்றுவிடாமல், ஏதேனும் ஒரு திருமணத்தின் கோப்புறையை அதிலிருந்து கணினிக்கு மீட்டெடுத்து, படங்கள் திறக்கின்றனவா, காணொளி கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்று பாருங்கள்.

அதன் பிறகு மற்ற 8 டெராபைட் வன்தட்டை மட்டும் காலி இடத்தில் மாட்டுங்கள். 4, 4, 8 என்ற சேர்க்கையில் 8 டெராபைட் கிடைக்கும். இப்போது இருப்பதைப் போல இரு மடங்கு. பெரிய வன்தட்டில் பாதி தற்போதைக்குப் பயன்படாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பின்னாளில் நான்காவதாக இன்னொரு 8 டெராபைட் சேரும்போது அந்தப் பாதியும் பயனுக்கு வந்து, மொத்தம் 16 டெராபைட் ஆகிவிடும். அதற்கு முன் காப்புப் பிரதிக்குரிய வன்தட்டையும் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும்.

சேர்க்கும் முறை எளிதானது. ஸ்டோரேஜ் மேனேஜரில் உங்கள் ஸ்டோரேஜ் பூலை (வன்தட்டுகளை ஒன்றாகச் சேர்த்த சேமிப்புத் தொகுப்பு) தேர்ந்தெடுத்து 'ஆட் டிரைவ்' கொடுத்தால், புதிய வன்தட்டில் உள்ளவை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை வரும். அது புதிய வன்தட்டைப் பற்றியதே, பழைய தரவைப் பற்றியது அன்று. வேலை முடிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை கோப்புகளைத் திறந்து பயன்படுத்தலாம் என்றாலும், பெரிய காணொளித் தொகுப்பு வேலைகளைத் தள்ளிப்போடுவது நல்லது. பழைய வன்தட்டுகள் முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதி வரை இடைவிடாமல் படிக்கப்படுவதால், அதுவரை வெளிப்படாத பழுது அப்போதுதான் தலைகாட்டும். எனவே தொடங்குமுன் வன்தட்டின் நலத்தைக் கண்டறியும் ஸ்மார்ட் விரிவான சோதனையை ஓட்டி, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களும் (வன்தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டார்களும் சுழியமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நிலுவை எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடுகிற வன்தட்டை வைத்துக்கொண்டு விரிவாக்கத்தில் இறங்கக் கூடாது. முதலில் அதை மாற்றிவிட வேண்டும்.

மின்சாரத்துக்கும் ஏற்பாடு தேவை. வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற கண நேரத்தில் கருவி அணைந்து எழக்கூடும். பேட்டரி தீரப்போவதை அது கருவிக்குச் சொல்லவும் சொல்லாது. யூ.எஸ்.பி. கம்பியால் நாஸ் கருவியுடன் பேசக்கூடிய யு.பி.எஸ். ஒன்றை வாங்குங்கள். பேட்டரி குறைந்ததும் கருவி தானாகவே முறைப்படி நின்றுவிடும்.

கேள்வி: புதிய வன்தட்டுகளைச் சேர்த்துவிட்டேன், ஸ்டோரேஜ் பூலின் அளவு கூடியிருக்கிறது. ஆனால் பகிர்வுக் கோப்புறையில் பழைய அளவே காட்டுகிறது. ஏன்?

பதில்: வன்தட்டுகளின் மேல் பூல், பூலின் மேல் வால்யூம் (கோப்புகளை வைக்க ஒதுக்கிய பகுதி), வால்யூமுக்குள் கோப்புறை என அடுக்கடுக்காக அமைந்தது இது. கீழே கூடிய இடம் எல்லா அமைப்புகளிலும் தானாக மேலே வந்துவிடாது. வால்யூமின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அதை விரிவாக்குங்கள். கோப்புறைக்கோ பயனருக்கோ கோட்டா வரம்பு விதித்திருந்தால் அதையும் உயர்த்துங்கள். உங்கள் கருவி 32 பிட் செயலி கொண்ட பழைய மாதிரி என்றால், ஒரு வால்யூம் 16 டெராபைட்டுக்கு மேல் வளராது. அங்கே உருவாக்கிய வால்யூமைப் புதிய கருவிக்கு அப்படியே மாற்றினாலும் அந்த வரம்பு உடன் வரும். புதிய வால்யூம் உருவாக்கித் தரவை நகர்த்துவது ஒன்றே வழி.

கேள்வி: ஏராளமான கோப்புகளை அழித்தும் காலி இடம் கூடவில்லை.

பதில்: பகிர்வுக் கோப்புறைகளின் ரீசைக்கிள் பின்னை முதலில் காலி செய்யுங்கள். அதன் பிறகும் கூடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் ஸ்னாப்ஷாட்டாகத்தான் (கோப்புகள் ஒரு நேரத்தில் இருந்த நிலையின் பதிவு) இருக்கும். பி.ட்ரீ.எஃப்.எஸ். கோப்பு முறைமையில் ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்தில் இருந்த கோப்பை நீங்கள் அழித்தாலும், அதன் தரவுத் துண்டுகளை அந்த ஸ்னாப்ஷாட் பிடித்து வைத்திருக்கும். அந்தக் கோப்பு இடம்பெற்ற கடைசி ஸ்னாப்ஷாட் நீங்கும்போதுதான் இடம் விடுபடும். அதற்காக எல்லா ஸ்னாப்ஷாட்டுகளையும் அழித்துவிடாதீர்கள். பணயத் தீநிரல் தாக்கினால் முந்தைய நிலைக்குத் திரும்ப அவை கைகொடுக்கும். தினசரி ஸ்னாப்ஷாட்டுகள் ஒரு வாரத்துக்கும், வாராந்திர ஸ்னாப்ஷாட்டுகள் ஒரு மாதத்துக்கும் இருக்கும்படி காலவரம்பு அமைத்தால், பழையவை தாமாக நீங்கிவிடும்.

கேள்வி: ட்ரூநாஸ் என்ற நாஸ் இயங்குதளத்தில் மூன்று வன்தட்டுகள் கொண்ட ரெய்டு-இசட்1 (ஒரு வன்தட்டு பழுதானாலும் தரவு தப்பும் தொகுப்பு) வைத்திருக்கிறேன். நான்காவது ஒன்றை மட்டும் சேர்க்க முடியாது என்கிறார்களே?

பதில்: நெடுங்காலம் அது உண்மையாக இருந்தது. ட்ரூநாஸ் 24.10 பதிப்பிலும், அது பயன்படுத்தும் கோப்பு முறைமையான ஓபன் இசட்.எஃப்.எஸ்.இன் 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பிலும் அந்த வசதி வந்துவிட்டது. இப்போது ஒன்றை மட்டும் சேர்க்கலாம். ஆனால் பழைய கோப்புகள் இரண்டு பங்கு தரவுக்கு ஒரு பங்கு பேரிட்டி (பழுதான வன்தட்டின் தரவை மீட்க உதவும் கூடுதல் தகவல்) என்ற பழைய விகிதத்திலேயே இருக்கும். அவற்றை மறுபடி எழுதினால்தான் மூன்றுக்கு ஒன்று என்ற புதிய விகிதத்தின் சிக்கனம் கிடைக்கும். இந்த வழியில் இசட்1ஐ, இரண்டு வன்தட்டுகள் பழுதானாலும் தாங்கும் இசட்2 ஆக மாற்ற இயலாது.

கேள்வி: விலை குறைந்த வன்தட்டுகளை நாஸில் போடலாமா?

பதில்: விலையைவிட, பதிவு செய்யும் முறை தடங்கள் தனித்தனியாக உள்ள சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்று பாருங்கள். எஸ்.எம்.ஆர். வன்தட்டில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன் மேல் ஒன்று சற்றே படிந்திருப்பதால், ஒன்றைத் திருத்தினால் அடுத்தவற்றையும் திருப்பி எழுத வேண்டிவரும். ரெய்டு மறுகட்டமைப்பில் இது கடும் தாமதத்தை உண்டாக்கும். சில வேளை வன்தட்டு பழுதாகிவிட்டதென்று கருவியே அதை ஒதுக்கிவிடும். நாஸுக்கென விற்கப்பட்ட வன்தட்டுகளிலும் இந்த வகை இருந்தது தெரியவந்து, 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் எஸ்.எம்.ஆர். மாதிரிகளின் பட்டியலை வெளியிட்டது. ஆகவே உறையில் நாஸ் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பாமல், மாதிரி எண்ணைத் தயாரிப்பாளரின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.