தாத்தாவின் பறப்புப் பதிவேடு: சூலூரில் கடற்படையா?

வணக்கம் தம்பி. "தாத்தா கடற்படை விமானின்னு சொல்றாங்க, ஆனா பதிவேட்டுல 1962, 63 பக்கம் முழுக்க சூலூர்னு இருக்கு, கடலே இல்லாத ஊராச்சே" என்று குழம்பியிருக்கிறீர்கள். குழப்பமே வேண்டாம். கடற்படையின் ஹன்ஸா விமானத்தளம் 1961இல் சூலூரில்தான் தொடங்கியது. கோவா விடுதலையான பிறகு, 1964இல்தான் அங்குள்ள டபோலிமுக்குப் போனது. கோயம்புத்தூர்க்காரர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது!

அடுத்து, 300 என்ற ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு) எண் இருந்தால் சீ ஹாக். ஒற்றை இருக்கை ஜெட். 310 என்றால் அலிஸே. நீர்மூழ்கி தேடும் விமானம், மூன்று பேர் போவார்கள். அந்த வரியில் கூடவே வேறு பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள், அதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

பெட்டியில் கிடந்த பூர்வி ஸ்டார் பதக்கம் 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குத் தந்தது. அதை வைத்து மட்டும் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்திலிருந்து பறந்தார் என்று சொல்லிவிட முடியாது. தரையில் வேலை பார்த்தவர்களுக்கும் உண்டு. 1971 டிசம்பர் பக்கத்தைத் திறங்கள். 4ஆம் தேதி காக்ஸ் பஜார், சிட்டகாங் (அன்றைய கிழக்குப் பாகிஸ்தான் ஊர்கள்) என்று இருந்தால் சந்தேகமே இல்லை. கொதிகலனில் விரிசலோடு, முழு வேகம் எடுக்க முடியாமல் ஓடிய கப்பலிலிருந்து கிளம்பிய விமானங்கள் அவை.

தாளை லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள். அந்த டிசம்பர் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், சுருக்கெழுத்துகளைச் சேர்ந்து படிக்கலாம்.